பெருந்தலை வண்டு

பேராசிரியர் பிரத்யும்னன் தம் வாழ்நாளில் இரண்டு புதிய வண்டினங்களைக் கண்டுபிடித்தார். அந்த இரண்டும் ஒரே இனம்தான் என்று கண்டுபிடிக்க மேலும் இருபது வருஷமும் ஒரு பெண்பிள்ளையும் தேவைப்பட்டன.

முதலில் வண்டைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ரோவ் வண்டு என்று ஒரு ஜாதி. பார்த்தால் வண்டு என்று நம்பத் தோன்றாது. முதுகு ஓடு பாதி உடம்போடு நின்றுவிடும். மீதி வயிறு, துணி போதாமல் தைத்த ரவிக்கைக்குக் கீழே தெரிகிற மாதிரி வெளியே நீண்டு கிடக்கும். தொட்டால் தேள் போல வால்பக்கத்தைத் தூக்கும். கொடுக்கு ஒன்றும் கிடையாது, வெறும் மிரட்டல்தான். இந்த ஜாதியில் எண்ணி மாளாத இனங்கள் இருப்பதால் ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரித்துச் சொல்ல ஆண் வேண்டும். ஆணின் வயிற்றுக்குள் இருக்கும் உறுப்பைப் பிரித்தெடுத்து, கண்ணாடித் தகட்டில் வைத்து, படம் வரைந்து காட்டினால்தான் உலகம் ஒப்புக்கொள்ளும். பெண் மட்டும் கிடைத்தால் பாதி மதிப்புத்தான். இந்த விஷயத்தில் பூச்சி சாஸ்திரம் நம் ஊர்ச் சம்பந்திகளை விட்டு ரொம்ப தூரம் போய்விடவில்லை.

எழுபதுகளில், இன்னும் தலைமுடி இருந்த காலத்தில், பிரத்யும்னன் பிளிகிரிரங்கன் மலை உச்சியின் சோலைக்காட்டில் மழைக்காலத்தில் கூடாரம் போட்டுத் தங்கினார். அங்கே அழுகும் காளான்களுக்கு அடியில் இரண்டு விதமான வண்டுகள் கிடைத்தன. ஒன்று பெருந்தலை. உடம்பில் பாதி தலை, தலைக்கு முன்னால் அரிவாள் போலத் தாடை. இன்னொன்று சிறுதலை, சாதுவான முகம். பெருந்தலைகளைப் பிரித்துப் பார்த்தார், எல்லாம் ஆண். சிறுதலைகளில் ஒன்றிரண்டைப் பிரித்துப் பார்த்தார், பெண். உடனே மைசூருக்கு இறங்கி வந்து, இரண்டு புதிய இனங்கள் என்று ஒரே பக்கத்தில் எழுதி அச்சுக்கு அனுப்பிவிட்டார். முதல் இனத்தின் கீழே, ‘பெண் தெரியவில்லை’ என்று எழுதினார். இரண்டாவதின் கீழே, ‘ஆண் தெரியவில்லை’.

மாப்பிள்ளையும் பெண்ணும் ஒரே பந்தலுக்குள், ஒரே இலையில் சாப்பிட்டுக்கொண்டிருக்க, பிள்ளைக்குப் பெண் கிடைக்கவில்லை, பெண்ணுக்குப் பிள்ளை கிடைக்கவில்லை என்று இரண்டு ஜாதகத்தையும் தூக்கிக்கொண்டு புரோகிதர் ஊர் ஊராக அலைந்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது. ஆண் மட்டுமே உள்ள ஓர் இனமும் பெண் மட்டுமே உள்ள ஓர் இனமும் காலங்காலமாக எப்படிக் குழந்தை பெற்றுக்கொண்டு வருகின்றன என்று அந்தத் துறையில் எவருக்கும் ஒரு சந்தேகம் வரவில்லை. எல்லாரும் படித்தவர்கள்.

பூச்சிக்குப் பெயர் வைப்பதில் ஒரு சம்பிரதாயம் உண்டு. கண்டுபிடித்தவன் தன் பெயரைத் தானே சூட்டிக்கொள்ளக் கூடாது, அது அல்பம். பிறருக்குச் சூட்டலாம், அது மரியாதை. மரியாதை என்பது இந்த நாட்டில் எப்போதும் மேல்நோக்கியே போகும் என்பதால், பெருந்தலை வண்டுக்கு அப்போதைய துறைத் தலைவர் டாக்டர் மரிதேவையாவின் பெயர் கிடைத்தது. லத்தீன் வாலை ஒட்டிவிட்டால் எந்தப் பெயரும் சாஸ்திரமாகிவிடும். மிச்சமிருந்த சிறுதலை வண்டுக்குத் தம் மனைவி யதுகிரியின் பெயரை வைத்தார். மரிதேவையா மனம் குளிர்ந்தார். அந்தக் குளிர்ச்சியில் பிரத்யும்னன் ரீடர் ஆனார், பிறகு பேராசிரியர் ஆனார், மரிதேவையா ஓய்வு பெற்றதும் அவருடைய நாற்காலியிலேயே உட்கார்ந்தார். யதுகிரி மாமிக்கு விருந்துகளில் ஓர் அறிமுகம் கிடைத்தது. ‘இவ பேர்ல மலையில ஒரு பூச்சி இருக்கு’ என்பார் கணவர். எல்லாரும் சிரிப்பார்கள். காபித் தட்டைப் பிடித்துக்கொண்டு மாமியும் சிரிப்பாள்.

ஸத்யபாமா அந்தத் துறையில் விரிவுரையாளர். நாற்பதைத் தாண்டியவள். மேல்கோட்டையிலிருந்து மைசூருக்கு வந்து சில தலைமுறைகள் ஆகிவிட்ட குடும்பம். வீட்டில் பழைய தமிழும் வீதியில் கன்னடமும் வகுப்பில் இங்கிலீஷும் பேசி, மூன்றிலும் ஒரே மாதிரி கோபப்படக் கூடியவள். அவள் வாயைத் திறந்தால் துறையில் பாதிப் பேருக்கு வேறு வேலை ஞாபகம் வந்து எழுந்துவிடுவார்கள். அவளுக்குப் பின்னால் சேர்ந்த ஆண்களெல்லாம் அவளுக்கு முன்னால் போய்விட்டார்கள். ரீடர் பதவிக்கு இப்போது கடைசியாக ஓர் இடம் காலியாகியிருந்தது. அது கிடைத்தால் தனி அறை, தன் பெயரில் ஆராய்ச்சி மாணவர்கள், தன் இஷ்டத்துக்கு மலை. கிடைக்காவிட்டால் ஓய்வு பெறும் வரை முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கரப்பான்பூச்சி அறுத்துக் காட்ட வேண்டியதுதான்.

காட்டில் ஆளைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்ற பயம் பரவியிருந்த வருஷங்கள் அவை. பேராசிரியர்கள் யாரும் சோதனைச் சாவடிக்கு அப்பால் கால் வைப்பதில்லை. சாவடிக்கு இப்பாலேயே, மின்விசிறிக்கு அடியில், மலையுயிர்கள் பற்றிக் கருத்தரங்கம் நடத்தினார்கள். ஸத்யபாமா வனத்துறையில் அனுமதி வாங்கிக்கொண்டு, காவலர் ஜடையனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஆடி மழையில் மேலே போனாள். அட்டைகள் அவள் காலிலும் ஜடையன் காலிலும் பேதமில்லாமல் ஏறின. துறையில் எவரும் அவளை அப்படிச் சமமாக நடத்தியதில்லை.

அவள் வண்டுகளைப் பிடித்துச் சாராயத்தில் போடவில்லை. காளானுக்கு எதிரே சாக்கை விரித்துக் குப்புறப் படுத்துக்கொண்டு, நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிரத்யும்னன் செய்யாதது அது ஒன்றுதான்.

பார்க்கப் பார்க்க அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. காளான் ஒன்று அழுக ஆரம்பித்ததும் பெருந்தலைகள் இரண்டு வந்து, இது என் காளான், உன் காளான் என்று தாடையைப் பூட்டிக்கொள்ளும். அந்தத் தாடையால் தின்ன முடியாது, கடிக்கவும் சரியாக வராது. இன்னொரு தாடையைப் பிடித்துத் தள்ளுவதற்கு மட்டும்தான் உபயோகம். வென்றவன் காளான் மேல் ஏறி நின்று வாலைத் தூக்குவான். தோற்றவன் கொஞ்ச தூரம் போய், யாரும் பார்க்கவில்லை என்று நிச்சயம் பண்ணிக்கொண்டு அவனும் வாலைத் தூக்குவான். துறைக் கூட்டங்களில் அவள் இதே காட்சியைப் பலமுறை பார்த்திருக்கிறாள். அங்கே டீயும் பிஸ்கட்டும் உண்டு.

இதற்கிடையில் சிறுதலைகள் காளானின் அடிப்பக்கம் தின்றுகொண்டு தம் வேலையைப் பார்க்கும். வென்ற பெருந்தலை அவற்றில் ஒன்றோடு கூடியதை அவள் கண்ணாரக் கண்டாள். ஆக, இரண்டும் ஒரே இனம். பெருந்தலை கணவன், சிறுதலை மனைவி. அதைவிட வேடிக்கை ஒன்று இருந்தது. சிறுதலைகளிலும் சில ஆண்கள் இருந்தன. தலை பெருக்காத ஆண்கள். பெருந்தலை விரட்ட வந்தால் இந்தச் சின்ன ஆண் சட்டென்று பெண்ணைப் போல நடை நடந்து, பெண்ணைப் போலவே வாலை ஒதுக்கிக் காட்டும். பெருந்தலை ஏமாந்து வழிவிடும். பெரியவர்கள் இரண்டு பேர் தாடையைப் பூட்டிக்கொண்டு நிற்கிற நேரத்தில் இவன் அடியில் புகுந்து காரியத்தை முடித்துக்கொண்டு போய்விடுவான். துறையில் சேர்ந்த நாளிலிருந்து ‘ஆமாம் ஸார்’ தவிர வேறொன்றும் சொல்லாமல் முன்னுக்கு வந்துகொண்டிருந்த ஹேமந்த்தின் முகம் அவளுக்கு ஞாபகம் வந்தது. வண்டைக் குறை சொல்லக் கூடாது, அதற்குச் சம்பளம் கிடையாது.

உயிரோடு சில ஜோடிகளைக் காளானோடு கண்ணாடிப் பெட்டியில் வைத்து மைசூருக்குக் கொண்டுவந்தாள். பெட்டியில் முட்டையிட்டன, புழு வந்தது, கூடு வந்தது. ஒரே தாயின் முட்டைகளிலிருந்து பெருந்தலையும் சிறுதலையும் வெளியே வந்தன. அதற்குமேல் சாட்சி வேண்டியதில்லை. இருந்தாலும் ஸத்யபாமா விடவில்லை. பிரத்யும்னன் அந்தக் காலத்தில் ஊசியில் குத்தி வைத்த பழைய பெட்டியை அருங்காட்சி அலமாரியிலிருந்து எடுத்து, அவர் பிரித்துப் பார்க்காமல் விட்ட சிறுதலைகளைப் பிரித்துப் பார்த்தாள். அவற்றில் ஆண்கள் இருந்தன. ‘தெரியவில்லை’ என்று அவர் எழுதிய ஆண் இருபது வருஷமாக அவருடைய பெட்டிக்குள்ளேயே, அவர் கையால் எழுதிய சீட்டைக் காலடியில் போட்டுக்கொண்டு நின்றிருந்தது.

ஓர் உயிருக்கு இரண்டு பெயர் இருக்கக் கூடாது. முதலில் அச்சான பெயர் நிற்கும், பின்னால் வந்தது செத்துப்போகும். அதுதான் விதி. ஆனால் இங்கே இரண்டு பெயரும் ஒரே நாளில், ஒரே பக்கத்தில் பிறந்தவை. பக்கத்தில் மேலே இருப்பது, கீழே இருப்பது என்பதெல்லாம் கணக்கில் வராது. அப்படிப்பட்ட இடத்தில் யார் முதன்முதலாக இரண்டையும் ஒன்று என்று எழுதுகிறாரோ, எந்தப் பெயர் நிற்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் உரிமை அவருக்கு. ஒருமுறை தேர்ந்தெடுத்து அச்சாகிவிட்டால் அவ்வளவுதான். பிறகு எழுதியவரே வந்து அழுதாலும் மாற்ற முடியாது. மரிதேவையாவா யதுகிரியா என்று சொல்லும் பாக்கியம் ஆக ஸத்யபாமாவுக்கு வந்து சேர்ந்தது. ரீடர் பதவிக்கான தேர்வுக் குழுவில் ஓய்வு பெற்ற மரிதேவையா உட்காரப் போகிறார் என்பதும் அதே வாரம்தான் தெரிந்தது.

ஆயிரம் இருந்தாலும் அவர் துறைத் தலைவர், சொல்லாமல் இருக்கக் கூடாது என்று அவள் பிரத்யும்னனிடம் போய்ச் சொன்னாள். அவர் முதலில் மைக்ராஸ்கோப்பைக் குறை சொன்னார். பிறகு காளானைக் குறை சொன்னார். பிறகு, காட்டிலாகா ஆட்கள் பெட்டியில் எதையாவது கலந்திருப்பார்கள் என்றார். அவள் அவருடைய பழைய பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தாள். தம் கையெழுத்தைத் தாமே லென்ஸ் வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு காபி வரவழைத்தார். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று ஒரு பழமொழியைச் சொல்லித் தம்மைத் தேற்றிக்கொண்டார். விழுந்த நேரத்திலும் தாம் ஆனை என்பதை அவர் விட்டுக்கொடுக்கவில்லை என்பதை ஸத்யபாமா கவனித்தாள்.

காபி தீர்ந்ததும் அவருக்குத் தெளிவு பிறந்துவிட்டது. “நோடு பாமா, இங்கே பாரு,” என்றார். “இதை நாமளே திருத்திண்டா பெருமை. அடுத்தவன் திருத்தினா அவமானம். என் பேர் முதல்ல போடு, உன் பேர் அடுத்தாப்ல. மரிதேவையா பேரே நிக்கட்டும். இன்டர்வ்யூக்கு அவர்தான் வரார், உனக்கே தெரியும். யதுகிரி ஒண்ணும் நினைச்சுக்க மாட்டா.”

கடைசி வாக்கியம்தான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. வேண்டும்போது மனைவி பெயரை ஒட்டுவது, வேண்டாதபோது சாப்பிட்ட இலையைச் சுருட்டுகிற மாதிரி சுருட்டி எறிவது. அத்தனை வருஷம் அந்த வீட்டில் சமைத்துப் போட்டு, வந்தவனுக்கெல்லாம் காபி கலந்து கொடுத்தவளுக்கு உலகத்தில் மிஞ்சியிருப்பது ஒரு பூச்சியின் பெயர். அதையும் பிடுங்கி மரிதேவையாவின் காலடியில் வைக்க வேண்டுமாம். ஸத்யபாமாவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. யோசித்துச் சொல்கிறேன் ஸார் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள். யோசிப்பதற்கு அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை.

மைசூரிலேயே விஜயநகர்ப் பக்கம் புது லேஅவுட்டில் ஸத்யபாமாவின் வீடு. கணவன் ரங்கு பாங்கில் அதிகாரி. நல்ல மனுஷன். எந்தச் சண்டையிலும் இரண்டு பக்கத்துக்கும் நியாயம் இருப்பதாக அவனுக்குத் தோன்றும். அதனாலேயே அவன் எந்தச் சண்டைக்கும் உபயோகப்பட்டதில்லை. விஷயத்தைக் கேட்டுவிட்டு, “ஸும்னே எதுக்கு வம்பு?” என்றான். இப்போது கிழவர் பெயரையே வைத்துவிடு, போஸ்ட் வந்தபிறகு சாவகாசமாக மாற்றிக்கொள்ளலாமே என்று யோசனை சொன்னான். மாற்ற முடியாது, ஒரே தடவைதான் என்று அவள் விளக்கினாள். கல்யாணம் மாதிரியா என்று கேட்டான். அவள் பார்த்த பார்வையில் எழுந்துபோய் டி.வி.யில் செய்தி வைத்தான்.

அந்தக் கட்டுரையை அவள் சாப்பாட்டு மேசையில் வைத்துத்தான் எழுதினாள். மலைவாழ் வண்டின் ஆண்களைப் பற்றிய முழு விவரணை. பெரிது, நடுத்தரம், சிறிது என்று மூன்று அளவு ஆண்கள், தலைகள், தாடைகள், வயிற்றின் கடைசி வளையத்து விளிம்பில் இருக்கும் வெட்டு, உள்ளே இருக்கும் உறுப்பின் மேல்தோற்றம், பக்கத்தோற்றம். ஒவ்வொன்றையும் கறுப்பு மையில் புள்ளி புள்ளியாக வைத்து வரைந்தாள். நவராத்திரிக் கொலுவுக்கு அழைக்க வந்த பக்கத்து வீட்டுப் பெண்மணி அந்த உறுப்பின் படத்தைப் பார்த்துவிட்டு, டிசைன் ரொம்ப நன்றாக இருக்கிறது, எம்ப்ராய்டரிக்கா என்று கேட்டாள். ரங்கு அவசரமாக உள்ளே போய்விட்டான்.

தலை, மார்பைக் காட்டிலும் அகலமானது என்று எழுதினாள். தாடை தலையைக் காட்டிலும் நீளமானது, இரை பிடிக்கப் பயன்படுத்தியதாகக் காணவில்லை என்று எழுதினாள். பெரிய ஆண்கள் ஒன்றோடொன்று போராடும் நேரத்தில் சிறிய ஆண்கள் பெண்ணோடு கூடுவது பலமுறை காணப்பட்டது என்று எழுதினாள். சாஸ்திரக் கட்டுரையில் கேலிக்கு இடமில்லை. அவளுக்கு அது குறையாகவே படவில்லை. ஆண்களைத் திட்ட வேண்டிய அவசியமே இல்லை, அளவெடுத்து எழுதினால் போதும் என்று அந்த வாரங்களில் அவள் கண்டுகொண்டாள். எழுதும்போது அவ்வளவு சந்தோஷமாக அவள் அதற்கு முன் இருந்ததில்லை.

கடைசிப் பத்தியில் ஒரே வாக்கியம். இவ்விரண்டு பெயர்களில் யதுகிரியின் பெயரை நான் தேர்ந்தெடுக்கிறேன், மற்றது இனிச் செல்லாது. அதை எழுதி முடித்துவிட்டு எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். காபித் தட்டும் கையுமாக நிற்கும் மாமியின் முகம் கண் முன்னால் வந்தது. இருக்கட்டும் மாமி, ஒருத்தியாவது உங்களுக்காக ஒரு காரியம் பண்ணினாள் என்று இருக்கட்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். தன் பெயரை மட்டும் போட்டு, வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பிவிட்டாள். யோசித்துவிட்டாயா என்று பிரத்யும்னன் கேட்டபோதெல்லாம், யோசித்துக்கொண்டிருக்கிறேன் ஸார் என்றாள்.

கட்டுரை அச்சாகி, பிரதிகள் தபாலில் வந்தன. ஒன்றை எடுத்துப்போய் அவர் மேசைமேல் வைத்தாள். கடைசிப் பத்தியை அவர் நின்றபடியே படித்தார். அன்று பிற்பகல் மரிதேவையா வீட்டு வாசலில் அவருடைய ஸ்கூட்டர் நின்றதை ஹேமந்த் பார்த்தான். பார்த்ததை எல்லாரிடமும் சொன்னான், கடைசியில் அவளிடமும் சொன்னான்.

நேர்முகத் தேர்வில் மரிதேவையா மடிப்புக் கலையாத கோட்டில் வந்து உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் கேட்டதற்கெல்லாம் அவள் பதில் சொல்லி முடிக்கும்வரை சிரித்துக்கொண்டே இருந்தார். பிறகு கன்னடத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். பெயரைத் தேர்ந்தெடுக்கும்போது மூப்பு, மரியாதை இவற்றையெல்லாம் நீங்கள் கவனத்தில் கொள்ளவில்லையா என்று. வண்டுகளுக்குள் சீனியாரிட்டி லிஸ்ட் கிடையாது, யார் காளானுக்கு அடியில் வேலை செய்கிறார்களோ அவர்கள் பெயரை வைத்தேன் என்றாள் ஸத்யபாமா. குழுவில் ஒருவருக்கு இருமல் வந்தது. பதவி ஹேமந்த்துக்குப் போயிற்று. அவன் மலையைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறான். துறையில் அவன் நீட்டிய ஸ்வீட்டை அவள் வாங்கி நின்ற இடத்திலேயே தின்றாள். அவளுக்கு முதலாம் ஆண்டு வகுப்புகள் எல்லாவற்றையும் கொடுத்தார்கள், கரப்பான்பூச்சிகளையும் கொடுத்தார்கள்.

அழுதாளா என்றால் அழுதாள், குளியலறையில் பக்கெட்டில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு. இருபது வருஷம் அவள் காத்திருந்த பதவி அது. ஆனால் வெளியே வந்தபோது தலை நிமிர்ந்துதான் வந்தாள். பதவி போனால் போகிறது, பெயர் நின்றுவிட்டது. ஒரு பெண்பிள்ளையின் பெயரை இன்னொரு பெண்பிள்ளை காப்பாற்றியிருக்கிறாள். இதை எந்தக் குழுவும் எந்தக் கோட்டும் அழிக்க முடியாது. ரங்கு எப்போதாவது பேச்சை எடுத்தால் அவனுக்கும் இதையே சொன்னாள். யதுகிரி மாமிக்கு விஷயம் தெரிந்திருக்கும், ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் மாமி வந்து கையைப் பிடித்துக்கொள்வாள் என்று அவளுக்குள் ஓர் எதிர்பார்ப்பு இருந்துகொண்டே இருந்தது.

மாமி வந்தாள். கார்த்திகை மாசத்தில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், தன்னந்தனியாக, ஆட்டோவில். அதுவரை விஜயநகர்ப் பக்கமே வராதவள் வீட்டைத் தேடிப் பிடித்து வந்திருந்தாள். ஸத்யபாமாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. விழுந்து சேவித்து, சோபாவில் உட்காரவைத்து, டிகாக்ஷன் புதிதாக இறக்கிக் காபி கலந்து கொண்டுவந்து கொடுத்தாள். முதல்முறையாக மாமி உட்கார்ந்திருக்க இன்னொருத்தி காபி கொடுக்கிறாள் என்பது அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. உள்ளே போய்க் கட்டுரையின் பிரதி ஒன்றைக் கொண்டுவந்து, கல்யாணப் பத்திரிகை வைக்கிற மாதிரி இரண்டு கையாலும் நீட்டினாள்.

மாமி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். தலைகள், தாடைகள், அந்த உறுப்பு. இதெல்லாம் என்ன என்று கேட்டாள். ஆண் என்றாள் ஸத்யபாமா. எல்லாமேவா என்றாள் மாமி. எல்லாமே.

“நான் எங்கே இருக்கேன்?”

பெண்ணைப் பற்றி முன்னாலேயே எழுதியாயிற்று, அதனால் படம் போடவில்லை என்று ஸத்யபாமா சொன்னாள். கடைசிப் பக்கத்தைத் திருப்பி, பெயர் இருக்கும் வரியைத் தொட்டுக் காட்டினாள். மாமி அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். காபி அப்படியே இருந்தது.

போன வருஷம் இவர் வந்து சொன்னார் என்று ஆரம்பித்தாள். பாமா எதையோ கண்டுபிடித்திருக்கிறாள், அந்தப் பூச்சிக்கு வைத்த உன் பெயர் இனி இல்லாமல் போய்விடும் என்று, மனைவி வருத்தப்படுவாளோ என்று மெள்ள மெள்ளச் சொன்னாராம். நிஜமாகவே புஸ்தகத்திலிருந்தெல்லாம் போய்விடுமா என்று மாமி திருப்பித் திருப்பிக் கேட்டாளாம். போய்விடும் என்றாராம். அன்றைக்குப் பெருமாளுக்குப் பாயசம் பண்ணி அமுது செய்யப் பண்ணினாளாம். ஸத்யபாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எதற்கு மாமி என்று கேட்டாள்.

மாமி கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். ரசத்துக்குப் பக்குவம் சொல்வது போல, குரல் ஏறாமல் இறங்காமல் சொன்னாள்.

“அந்த ஆடியிலதான் எனக்குப் பெண் பொறந்தது. இவர் மலையில இருந்தார். ஆள் அனுப்பினோம். காளான் இப்பத்தான் அழுக ஆரம்பிச்சிருக்கு, மழை விட்டா பூச்சி போயிடும், முடிச்சுண்டு வரேன்னு சொல்லி அனுப்பிச்சார். பேர் வெக்கற நாள் வரைக்கும் கொழந்தை தங்கலை. எல்லாம் ஆனப்புறம் பூச்சி பாட்டிலைத் தூக்கிண்டு இறங்கி வந்தார். கொழந்தைக்குப் பேரே இல்லாம போச்சு. பூச்சிக்கு என் பேரை வெச்சார். எனக்கு ஆறுதலா இருக்கட்டும்னு.”

அதற்கப்புறம் அவர்களுக்குக் குழந்தை இல்லை என்பது ஸத்யபாமாவுக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும். அதற்கு முன்னால் ஒன்று இருந்தது என்பது தெரியாது. ஒவ்வொரு விருந்திலும் அந்தப் பெயரைச் சொல்லி எல்லாரும் சிரிப்பார்கள், எனக்கு அந்த வாரம் ஞாபகம் வரும், நானும் சிரிப்பேன் என்றாள் மாமி. போய்விடும் என்று அவர் சொன்ன அன்றைக்குத்தான் ஒரு பாரம் இறங்கின மாதிரி இருந்தது என்றாள்.

“இப்போ மாத்த முடியுமா?”

“முடியாது மாமி. ஒரு தடவைதான்.”

மாமி தலையை ஆட்டினாள். எதிர்பார்த்துத்தான் வந்தாள் போலிருந்தது. ஆறிப்போன காபியை எடுத்து, கொடுத்தவள் மனசு நோகக் கூடாது என்பதற்காக, முழுவதும் குடித்தாள். தம்ளரைக் கீழே வைத்தாள்.

“அவர் என்னைக் கேக்கலை. அவர் கேப்பார்னு நான் நினைக்கவும் இல்லை. நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, பாமா.”

கட்டுரை எழுதிய அத்தனை வாரங்களிலும், அச்சாகக் காத்திருந்த அத்தனை மாசங்களிலும், ஒரு நடை போய் அந்த மனுஷியைக் கேட்டுவிட்டு வரலாம் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. மறந்துவிட்டாள் என்றுகூடச் சொல்ல முடியாது. கேட்க வேண்டிய விஷயமாகவே அது அவளுக்குப் படவில்லை, பிரத்யும்னனுக்குப் படாத மாதிரியே.

மாமிக்கு நேரமாகிவிட்டது. ஸத்யபாமா எழுந்துபோய்க் குங்குமமும் வெற்றிலை பாக்கும் எடுத்துக்கொண்டு வந்தாள். நீட்டும்போது கொஞ்சம் குங்குமம் கட்டுரையின் மேல் சிந்தியது. மாமி குங்குமம் இட்டுக்கொண்டாள், வெற்றிலையை முந்தானையில் முடிந்துகொண்டாள். கட்டுரையை மட்டும் எடுத்துக்கொள்ளாமல் சோபாவிலேயே விட்டுவிட்டு வாசலுக்கு வந்தாள். முனையில் போன ஆட்டோவை ஸத்யபாமா கூப்பிட்டு நிறுத்தினாள். வருகிறேன் என்று சொல்லிவிட்டு மாமி ஏறிக்கொண்டாள்.

ஆட்டோ திரும்பிப் போன பிறகும் ஸத்யபாமா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இனி எந்த ஊரில், எந்த பாஷையில், யார் எழுதினாலும் அந்த மலை வண்டு யதுகிரிதான். அழிக்கவே முடியாதபடி அதை எழுதி வைத்தவள் அவள்.